பதினோரு சலைன் ஊசிகள்

"கட்டைப் பிரிச்சுப் பாருங்க சார்."

டாக்டரிடம் இப்படி மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். நான் கேட்டேன்.

நான் மயக்க மருந்து டெக்னீஷியன். எங்கள் வீட்டில் டிகிரி படித்த முதல் ஆள். மருந்தை ஊசியில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. போடுவது மயக்க டாக்டர் ஜெரோம்.

தேவதர்ஷினிக்கு ஐந்து வயது. அய்யலூர்ச் சந்தையில் ஆடு ஏற்றிய வண்டியிலிருந்து விழுந்து முழங்கை முறிந்தது. எலும்பைச் சேர்த்துக் கட்டுப் போட்டார்கள். கண் விழித்ததும் வலிக்காமலிருக்க, கை மரத்துப்போகும் நரம்பு ஊசியும் போட்டார்கள். சாயங்காலம் விரல்கள் வெளுத்துச் சில்லிட்டிருந்தன. பிள்ளை அழாமல் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தது.

சர்ஜன் சொன்னார்: "நீ டெக்னீஷியனா, சர்ஜனா? வலிச்சா அழுகாதா?"

நான் மறுபடி கேட்கவில்லை. மறுநாள் பிரித்தார்கள். உள்ளே வீங்கி, ரத்தம் போகாமல் தசை செத்திருந்தது. மரத்த கையில் அந்த வலி தெரியவே இல்லை. அந்த விரல்கள் இனி பென்சில் பிடிக்காது.

அதற்குப் பிறகு பிள்ளைகளின் நரம்பு ஊசியில் மட்டும், மரத்துப்போகும் மருந்துக்குப் பதில் சலைன் ஏற்றிக் கொடுத்தேன். வெறும் உப்புத் தண்ணீர்தான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆபரேஷன் முடியும்வரை பிள்ளை மயக்கத்தில் இருக்கும். விழித்ததும் நன்றாக அழும். அழுகிற பிள்ளையை யாராவது வந்து பார்ப்பார்கள்.

பதினோரு பிள்ளைகள். ஒருவனுக்குக் கத்திக் கத்திக் குரலே போய்விட்டது. அவன் அம்மா ஏஞ்சலின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டு வலிக்குமாக்கா?" என்றாள்.

"வலிக்கட்டும். அதான் நல்லது" என்றேன்.

உடைக்காத மருந்துக் குப்பிகள் என் லாக்கரில் அகப்பட்டன. இன்று காலை மேனேஜர் அறையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஜெரோம் சார் தியேட்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"கை முறிஞ்சது நாலுதாம்மா. மத்த ஏழும் குடலிறக்கம். ஏஞ்சலின் பையனும்தான். அதுல என்ன கட்டு இருக்கு, எது வீங்கும்?"

"அழுதா யாராச்சும் வந்து பாப்பாங்கள்ல சார்."

"யாரு வந்து பாத்தா?"

யாரும் வரவில்லை. அது என் தப்பில்லை.

விஷயம் வெளியே போகக் கூடாது, சொந்தக் காரணத்தால் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார் மேனேஜர். எழுதினேன். அடுத்து எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. வடமதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நேற்றே பேசிவிட்டேன். திங்கட்கிழமை சேர்கிறேன். அங்கே குழந்தைகளுக்குத் தனி வார்டே இருக்கிறதாம்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். அந்த வார்டுப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்வேன்.