டோர்னிட்ஸின் மௌனம்

திருச்சபைக்கும் இசையுலகத்துக்கும் வருங்காலத் தலைமுறைகளுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: ரோட்டர்ஸ்லேபன் நகரத் தூய யாக்கோபு ஆலயத்தின் குழல் ஆர்கன் இசைக் கலைஞரும், திருச்சபை இசை இயக்குநரும், டோர்னிட்ஸ் பற்றிய இரண்டு பாக ஆய்வு நூலின் ஆசிரியருமான டாக்டர் ஹார்ட்முட் வைகல்ட் ஆகிய நான், இசை வரலாற்றையே திருத்தி எழுத வைக்கும் ஒரு கூற்றை இன்று வெளியிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. உங்கள் அறை ரொம்பச் சூடாக இருக்கிறது, இன்ஸ்பெக்டரம்மா. ஆயுளில் பாதியைக் கோயில் மேல்மாடத்தில் கழித்தவன் நான். கோட்டுக்கு மேல் கோட்டும், விரல் நுனி மட்டும் வெளியே தெரியும் கையுறையுமாக உட்கார்ந்து பழகியவன். சூடான இடத்தில் உட்கார்ந்தால் எனக்கு உண்மை பேச வந்துவிடுகிறது. சன்னலைத் திறக்க வேண்டாம்.

ஆர்கன்காரனின் வாழ்க்கை விசித்திரமானது. சபை பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், அவனைப் பார்க்காது. அவனும் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலைக்கு மேல் மாட்டியிருக்கும் சின்னக் கண்ணாடியில் போதகர் கையை உயர்த்துகிறாரா என்று பார்த்துக்கொண்டிருப்பான். பேருந்து ஓட்டுநருக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓட்டுநரை யாரும் வழியில் நிறுத்தி, இன்றைய பயணத்தில் மூன்றாவது திருப்பம் கொஞ்சம் வேகம் என்று குறை சொல்வதில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்டவன் கொஞ்சம் புகழ் வேண்டும் என்று நினைத்தால் ஆராய்ச்சியாளனாக வேண்டும். நான் ஆனேன்.

இசையமைப்பாளர் லெபரெக்ட் டோர்னிட்ஸ் எங்கள் ஆலயத்தில் எனக்கு முன் என் நாற்காலியில் உட்கார்ந்தவர். செத்து இருநூற்றெண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவரை யாருக்கும் தெரியாமல் இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. ஆர்கனில் காலால் அழுத்தும் கட்டைகளுக்கு ஒலிக்கும் பெரிய எக்காளக் குழல்கள் அவர் கண்முன் செய்யப்பட்டவை என்று நிறுவினேன். உலகத்தில் வேறெங்கும் டோர்னிட்ஸ் கேட்ட ஒலியை அப்படியே கேட்க முடியாது என்று எழுதினேன். ஜப்பானிலிருந்துகூட ஆட்கள் வந்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

நூலில் பெயர் வாங்கிய அத்தியாயம் மௌனத்தைப் பற்றியது. டோர்னிட்ஸின் ஆர்கன் இசைப்படைப்பான பெரிய தொக்காட்டாவில் முழு ஆர்கனும் முழங்கிக்கொண்டிருக்கும்போது நடுவே எல்லாம் நின்றுவிடும். எக்காளங்களின் எதிரொலி அடங்கும்வரை வாசிப்பவன் நிதானமாக எண்ண வேண்டும். 'அந்த மௌனத்தில் ஆலயத்தில் இருக்கும் அனைத்தும் கேட்கும்' என்று எழுதினேன். பேராசிரியர்கள் மேற்கோள் காட்டும் வரி. போதகர் அதை இரண்டு முறை பிரசங்கத்தில் என்னைக் கேட்காமலே பயன்படுத்தியிருக்கிறார்.

இத்தனையும் எழுதிய நான் ஆர்கனுக்குள் ஒரு முறைகூடப் போனதில்லை. உள்ளே தூசி. அது கோட்டுக்கு ஆகாது.

உள்ளே போகிறவர் கெசீன் போலாண்ட். ஆர்கன் கட்டும் மேஸ்திரியம்மா. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்து முதல் ஞாயிறுக்கு முன்னால் வந்து சுருதி சேர்ப்பார். அவர் குழல்களுக்கு நடுவே ஏறி நிற்பார், நான் வெளியே உட்கார்ந்து அவர் கேட்கும் கட்டையை அழுத்திப் பிடிப்பேன். இரண்டு பட்டம் வாங்கியவனுக்கு அந்த வாரத்தில் அதுதான் வேலை. அந்த அம்மாளுக்கு அதில் தனி மகிழ்ச்சி.

"டாக்டரய்யா, தூங்கிட்டீங்களா? அடுத்தது."

"அழுத்திட்டுத்தான் இருக்கேன், மேஸ்திரியம்மா."

"இதுக்குப் பேரு அழுத்துறதா? எங்க வீட்டுப் பூனை இதைவிட நல்லா அழுத்தும்."

இந்த முறையும் அப்படித்தான் ஆரம்பித்தது. அந்த ஞாயிறு பிஷப் வருவதாக இருந்தது. எனக்குக் கௌரவப் பேராசிரியர் பட்டம் தரப்போகிறார்கள். நன்றியுரையை எழுதி முடித்து, எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்தும் வைத்திருந்தேன்.

எக்காளக் குழல்களுக்கு வந்தபோது உள்ளே சுரண்டும் சத்தம். பிறகு சிரிப்பு.

"டாக்டரய்யா, உங்க டோர்னிட்ஸ் மீசை வச்சிருந்தாரா?"

"இல்லையே. ஏன்?"

"குழல் நிக்கிற பெட்டியில காத்துக் கசியாம இருக்கப் பழைய பேப்பர் ஒட்டியிருக்காங்க. மீசைக்குத் தடவுற மெழுகு விளம்பரம். கீழ டெலிபோன் நம்பர் போட்டிருக்கு. கூப்பிட்டுப் பாக்கட்டுமா?"

"பெட்டியைப் பின்னாடி மாத்தியிருப்பாங்க. குழல் பழசுதான்."

"அட, குழலும் அதே கைதான். பெட்டியும் அதுவும் ஒரே நாள்ல பொறந்தது. கெய்சர் காலத்துச் சரக்கு, நூத்துச் சொச்சம் வருஷம்தான். நல்ல சரக்கு, நான் குறை சொல்லல."

இதை யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டேன்.

"சொல்லாம? ஞாயித்துக்கிழமை பிஷப்புகிட்ட நானே சொல்றேன். அந்தாளு நல்லா சிரிப்பாரு. நீங்களும் சிரிங்க டாக்டரய்யா, ஒண்ணும் ஆயிடாது. சரி, பெரிய குழல் ரெண்டு பாக்கி. மேல ஏறுறேன். நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

ஆர்கனுக்குள் ஆள் இருக்கும்போது கேட்காத கட்டையைத் தொடக்கூடாது. எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. உள்ளே நிற்க இடம் ஒரு பலகை அகலம். காதுக்கு ஒரு சாண் தள்ளி, ஆள் உயரத்தைப் போல் மூன்று மடங்குக் குழல் நிற்கும்; அது திடீரென்று முழங்கினால் பலகையில் கால் நிற்காது.

நான் குழல்களைத் திறந்துவிடும் குமிழ்கள் எல்லாவற்றையும் இழுத்துவிட்டுப் பெரிய தொக்காட்டாவைத் தொடங்கினேன்.

காரணம் கேட்கிறீர்கள். அவை டோர்னிட்ஸின் குழல்களாக இருக்கும்போதே கடைசியாக ஒரு முறை கேட்டுவிட ஆசைப்பட்டேன். ஒரு கலைஞனின் ஆசை. இதில் புரியாதது எதுவும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். பூ வைக்க வந்த அம்மாள் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். அந்த மௌனம் வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்.

முடித்தேன். ஆர்கனுக்கென்று வைத்திருக்கும் மெல்லிய தோல் காலணியைக் கழற்றி, வெளிக் காலணியை மாட்டினேன். மேஸ்திரியம்மா என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. அதன் பிறகு, முதன்முறையாக, ஆர்கனுக்குள் போனேன்.

உங்கள் ஆட்கள் அந்தப் பெட்டியில் காகிதம் எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். அதை நான் சுரண்டி எடுத்துவிட்டேன். அதற்குக் கீழே விழுந்து கிடந்த அந்த அம்மாளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. திரும்பும்போதும். பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அவர்கள் வந்தபோது உயிர் இல்லை. சீக்கிரம் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் சொன்னார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார். மேஸ்திரியம்மாவே வாசிக்கச் சொன்னதாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டம் வாங்கினேன். குறித்து வைத்த இடத்தில் குரல் தழுதழுக்கவில்லை. வேறு இடத்தில் தழுதழுத்தது. துக்கத்தில் இருக்கிறேன் என்று கை தட்டினார்கள். இறுதிச் சடங்கிலும் நான்தான் வாசித்தேன்.

அதோடு முடிந்திருக்கும். நேற்று மேஸ்திரியம்மாவின் கணவர் ஏகோன் என் வீட்டுக்கு வந்தார். அவரே செய்த பிளம்ஸ் கேக் கொண்டுவந்தார், நடுவில் சரியாக வேகாதது. தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவ போறப்ப உங்க வாசிப்புதான் காதுல இருந்திருக்கு. அதை நெனச்சா மனசு கொஞ்சம் ஆறுது, டாக்டரய்யா. உங்களைக் கிண்டல் பண்ணுவாளே தவிர, வீட்ல வந்து ஒரே புகழ்தான். ஒண்ணு மட்டும் கேக்கணும். அவளுக்கு வலிச்சிருக்குமா?"

வலித்திருக்காது, விழுந்ததே தெரிந்திருக்காது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் போன பிறகு கேக்கை முழுவதும் சாப்பிட்டேன். வேகாத இடத்தையும் சேர்த்து. பிறகு இங்கே வந்தேன்.

ஆக, இசை வரலாற்றுக்கு நான் தரும் திருத்தம் இதுதான்: எக்காளக் குழல்கள் கெய்சர் காலத்தவை. நூலில் மற்றபடி தவறு இல்லை.

அவர் விழுந்த சத்தம் கேட்டதா என்று முதல் நாள் கேட்டீர்கள். முழு ஆர்கன் முழங்கும்போது பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் கேட்காது என்றேன். அது உண்மை. ஆனால் தொக்காட்டாவின் நடுவே அந்த மௌனம் வருகிறது. விரலையும் காலையும் எடுத்தேன். எதிரொலி அடங்கியது. நூலில் சொன்னபடி நிதானமாக எண்ணினேன்.

"டாக்டரய்யா, நிறுத்துங்க. கால் அசைய மாட்டேங்குது."

ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அந்த அத்தியாயம் சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எண்ணி முடித்ததும், சரியான இடத்தில் தொடர்ந்தேன்.