தரை இறுகும் வரை

வீட்டுத் தரையை மாற்ற நினைக்கிறவர்கள் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. முதலில் அடித்தளத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். நீங்களும் வீடு கட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள், ஐயா. அதனால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தது வெறும் சிமெண்ட் தரை. கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில், வேலை முடிந்து வந்து அப்பா தானே கலவை போட்டு இழுத்தது. போகப்போக வெடித்துவிட்டது. அப்பாவும் தளர்ந்துவிட்டார். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் கூடம் முழுக்கச் சிறுநீர் சிந்திவிடும். அது வெடிப்புகளுக்குள் இறங்கி ஊறிப்போனது. நான் முட்டி போட்டுத் தேய்ப்பேன். பினாயில், ஆசிட், சோப்புத்தூள், எதற்கும் அந்த நாற்றம் அசையவில்லை. என் சட்டையோடு நான் வேலை பார்க்கும் லாரிக்கே வந்தது. பக்கத்தில் உட்காருகிறவன் கண்ணாடியை இறக்கிவிடுவான். மழை பெய்தாலும் இறக்குவான்.

என் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"இந்தத் தரையில எம்புள்ளைய தவழ விடமாட்டேன். தரைய மாத்துங்க, வர்றேன்" என்றாள்.

தரையைத்தான் சொன்னாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

பழைய தரையையே தேய்த்துப் பாலிஷ் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். தரை போடுகிறவர் வந்து சுத்தியலால் தட்டிக் காட்டினார். பாதி இடத்தில் பொக்கென்று சத்தம் கேட்டது.

"பாலிஷுக்கு இது தாங்காதுண்ணே. மெஷின வச்சா மாவா கொட்டும். பொக்கையெல்லாம் நோண்டி அடைச்சு, மேல எபாக்ஸின்னு ஒரு பிசின் ஊத்திரலாம். இணைப்பே இருக்காது. என்ன சிந்தினாலும் துணியால ஒரு இழுப்பு, அவ்வளவுதான்."

அந்த 'ஒரு இழுப்பு'க்கு நான் விழுந்துவிட்டேன்.

வேலை சுத்தமாகத்தான் நடந்தது. பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் தரையோடு ஒட்டி, மறுநாள் பிரித்துப் பார்த்தோம். அடியில் வியர்த்திருக்கவில்லை, தரைக்குள் ஈரம் இல்லை. பிறகு ராவி, தூசியை உறிஞ்சி, வெடிப்புகளை அடைத்து, முதல் பூச்சு பூசினோம். நானும் கூடவே நின்று செய்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் வேறு வாசனை அடித்தது.

உள்ளறையில் தொடங்கி வாசலில் முடிப்பதுதான் முறை, பெரியவரை இரண்டு நாள் வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். அக்கா பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். அவளுக்கு வசதிப்படாது என்று சொல்லிவிட்டேன். கூடத்தை மட்டும் முதலில் ஊற்றுவோம், அப்பா உள்ளறையிலேயே இருக்கட்டும் என்றேன். அந்த அறைக்குக் கூடத்தின் வழியாகத்தான் போக முடியும். ஜன்னலில் கம்பி.

தரைக்காரர் தயங்கினார். பிறகு தன்னிடம் கூடுதலாக இருந்த ஒரு ஜோடி முள் செருப்பை எடுத்து வாசலில் வைத்தார். அடியில் நீளமான ஆணிகள் உள்ள செருப்பு அது. ஊற்றிய பூச்சு தேன்போல ஓடிக்கொண்டிருக்கும்வரை அதைப் போட்டுக்கொண்டு மேலேயே நடக்கலாம். ஆணி குத்திய இடம் தானே மூடிக்கொள்ளும். இறுகத் தொடங்கிவிட்டால் மூடாது. ஓரத்தில் விரலால் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றும் சொல்லித் தந்தார். காலையில் நானும் அதை மாட்டிக்கொண்டு அவரோடு பூச்சை இழுத்துவிட்டேன். அப்பா உள்ளறைக் கதவருகே நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னடா, காலுக்கு லாடம் அடிச்சிட்டாங்களா? இனிமே உனக்குப் புல்லு போட்டாப் போதும்" என்றார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

ஊற்றி முடித்ததும் தரைக்காரர் சாப்பிடப் போனார். கொஞ்ச நேரத்தில் அப்பா கதவைத் திறந்தார். கூடம் குளம்போல மின்னியது. வைக்கப் போன காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் ஊத்தியிருக்கான்" என்றார். பிறகு நெஞ்சில் கை வைத்தபடி நிலையோடு சாய்ந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நெஞ்ச அடைக்குதுடா. அந்த லாடத்த மாட்டிக்கிட்டு வா."

செருப்பு என் காலருகே இருந்தது. கைபேசி சட்டைப் பையில் இருந்தது.

இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். சத்தம் நின்ற பிறகும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. சரிந்தபோதுகூட, பாதம் பூச்சில் படாமல் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார். காலம் பூராவும் உடம்பால் உழைத்தவர், இன்னொருத்தன் வேலையைக் கெடுக்க மாட்டார்.

தரை கெட்டால் கெடுகிறது, மிதித்துக்கொண்டு ஓடியிருக்கலாமே என்று அக்கா கேட்டாள். அவள் அந்தத் தரையை ஒரு நாளும் தேய்த்ததில்லை. அவளையும் நீங்கள் விசாரித்திருப்பீர்கள். வசதிப்படாது என்று அவள் சொல்லவே இல்லை. நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அப்பாவை இரண்டு நாள் வைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு நாள் கழித்துத் திருப்பி அனுப்பியும் இருப்பாள்.

முள் செருப்பு போட்டும் பயனில்லை, தரை இறுகிவிட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அதில் பொய் இல்லை. நான் உதவிக்கு ஆள் கூப்பிட்டபோது இறுகித்தான் இருந்தது.

தரை முழுக்க ஒரு பழுதும் இல்லை, வாசலோரம் மட்டும் ஒரு விரல் தடம் இருக்கிறது, அது யாருடையது என்று கேட்டீர்கள். என்னுடையதுதான். அங்கே நாலைந்து முறை தொட்டுப் பார்த்தேன். முன்னால் தொட்டதெல்லாம் மூடிக்கொண்டது. கடைசியாகத் தொட்டது மூடவில்லை. இனி மூடாது என்று உறுதியான பிறகுதான் தெருவில் இறங்கிக் கத்தினேன்.