பஞ்சுத் தூசியைப் படிக்கப் போனவள்

"வைத்தியமே பாக்காத டாக்டருக்கு எதுக்கு அம்மணி சர்க்காரு சம்பளங் குடுக்குது?"

அறுபதுகளில் ஒரு மாலை, போத்தனூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயிலுக்காக நான் காத்திருந்தபோது பக்கத்து பெஞ்சில் கேட்ட கேள்வி இது. கேட்டவர் ஒரு பஞ்சு மில் தொழிலாளி. இருமி இருமித்தான் பேசினார். டாக்டருக்குப் படித்து முடித்த மகள் டிரங்குப் பெட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சம்பளம் இல்லீங்கப்பா, ஆராய்ச்சி பண்றதுக்கு உதவித்தொகைங்க. ரெண்டு வருசம் மெட்ராஸ்லயே பயிற்சி. பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள்ள போயி என்ன பண்ணுதுன்னு கண்டுபுடிக்கோணுமுங்க."

"கண்டுபுடிச்சா என்ற இருமல் நின்னுபோகுமா?"

ரயில் வருவதற்கான மணி அடித்தது.

"உங்களுக்கு நிக்காதுங்கப்பா. இனிமே வேலைக்குப் போறவங்களுக்கு வராமப் பண்ணலாமுங்க."

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். ரயில் வந்து நின்றதும், மகள் தடுத்தும் கேளாமல் பெட்டியை அவரே தூக்கி ஏற்றினார். பிறகு இறங்கி, அவள் உட்கார்ந்த ஜன்னலருகே வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"வெரசாக் கண்டுபுடி கண்ணு. உன்ற தம்பியும் போன வாரம் மில்லுல சேந்துட்டானல்லோ."