காப்பிக்கு ஒரு ஹாரன்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் ஒரு பெரியவரும் பேட்டரிக் கடை மெக்கானிக் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நீங்க கொக்கிய மாத்துனதுல இருந்து காப்பி நடுவழியில நிக்கிறதே இல்ல தம்பி,” என்றார் பெரியவர். நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

“முன்னாடி பொம்மை ரயிலோட எஞ்சின் மட்டும் வீட்டுக்காரி கட்டிலுக்குப் போயிரும். டம்ளர் வச்ச பெட்டி கழண்டு கூடத்துலயே கெடக்கும்,” என்று அவரே தொடர்ந்தார்.

“பேட்டரி தாங்குதாங்கய்யா?”

“நல்லாத் தாங்குது. தண்டவாளத்துல கரண்டு விட்டப்ப, தூசி பட்டாலே நின்னுரும். மகன் வெளிநாட்டுல இருந்து வாங்கியாந்தது, இப்புடி ஒழைக்கும்னு நெனைக்கல. இடுப்பு ஒடிஞ்சு படுத்ததுல இருந்து அவ வாயத் தொறந்து எதையும் கேக்க மாட்டா. எனக்குச் செரமமாம். இப்ப ரிமோட்ட அமுக்குறா, அடுப்படியில எஞ்சின் ஹாரன் அடிக்குது, காப்பிய ஏத்தி அனுப்பிருறேன்.”

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “அந்த ஹாரன்தாங்கய்யா தப்பாப் போச்சு. ரயில்வே கேட்டுல நின்னு போன்ல பதிஞ்சேன். பக்கத்துல நின்ன பஸ்ஸு அடிச்சதுதான் பதிஞ்சிருக்கு. மாத்தித் தந்துர்றேன்.”

“ஐயய்யோ, மாத்திராதீங்க. மொத தடவ கேட்டதுமே, ‘அன்னவாசல்லாம் எறங்கு’ன்னு கண்டக்டராட்டம் ஒரு சத்தம் போட்டா பாருங்க. கீழ விழுந்து படுத்ததுக்கப்பறம் அவ சிரிச்சது அன்னைக்குத்தான். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அன்னவாசல் வளைவில் எங்கள் பஸ் ஹாரன் அடித்தது.

“கூப்புட்டுட்டா, வாரேன் தம்பி,” என்று பெரியவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.