ஹைமா நன்றாக இருக்கிறாள்

எங்கள் வகுப்பில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முதல் ஃபோன் எனக்குத்தான் வரும். பேரன் பிறந்தாலும், மூட்டு வலிக்கு நல்ல டாக்டர் யார் என்று தெரிய வேண்டுமானாலும் எனக்குத்தான். நரசாபுரம் பெண்கள் பள்ளியில் எண்பத்தொன்றில் பத்தாவது முடித்தவர்கள் நாங்கள். இன்றைக்கு விஜயவாடா, ஹைதராபாத், துபாய் என்று சிதறிக் கிடக்கிறோம். ஆனாலும் ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் போய்விடவில்லை. அதற்குக் காரணம் கனகதுர்கா என்று எல்லோரும் சொல்வார்கள். அது நான்தான். நீங்கள் விசாரித்தால் உங்களிடமும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஹைமாவதியைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் மெஹருன்னிசாவைச் சொல்லாமல் ஹைமாவைச் சொல்ல முடியாது. பள்ளியில் நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்ச். ஹைமா நடுவில் உட்காருவாள். அவள் எப்போதும் மெஹர் பக்கம் திரும்பித்தான் பேசுவாள். நான் அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கும்போது பெஞ்ச் குலுங்கும், நானும் சேர்ந்து குலுங்குவேன். அது போதும் என்றுதான் இருந்தது.

ஹைமாவுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு பிலாய் எஃகு ஆலையில் வேலை. ரயிலேறும்போது அவளும் மெஹரும் பிளாட்பாரத்தில் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் பெட்டிகளை ஏற்றினேன். அடுத்த வருடம் மெஹருக்கும் உள்ளூரிலேயே ஒரு ஜவுளிக்கடைக்காரரோடு கல்யாணம் முடிந்து வீடு மாறிப் போனாள். பிலாயிலிருந்து ஹைமா எனக்கு எழுதினாள். மெஹருக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்துவிட்டது, அவள் புது விலாசத்தை உடனே அனுப்பு என்று. வேறு ஒன்றும் எழுதவில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை.

நான் அனுப்பவில்லை. மெஹரின் கணவருக்கு இந்தக் கடிதப் போக்குவரத்தெல்லாம் பிடிக்காது, அவளுக்குச் சொல்ல வேண்டியதை எனக்கு எழுது, நான் போய்ச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். ஹைமா எழுதினாள், பக்கம் பக்கமாக.

மெஹரிடம் வேறு மாதிரி சொன்னேன். ஹைமாவின் மாமியார் மடி ஆசாரம் பார்க்கிறவர், உன் பெயரில் கடிதம் வந்தால் வீட்டில் சண்டை வருகிறதாம், எழுத வேண்டாம் என்கிறாள் என்றேன். அந்த மாமியாரை நான் பார்த்ததுகூட இல்லை. மெஹர் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, "அவ சொல்லச் சொன்னாளா, நீயா சொல்றியா?" என்றாள்.

"அவதான்."

"சரி. அவ நல்லா இருந்தா போதும்" என்றாள் மெஹர். அவள் எளிதாக நம்பிவிட்டாள். அப்படி ஒரு பேச்சை அதற்கு முன்பும் எங்கேயோ கேட்டிருப்பாள் போலிருக்கிறது. என்னைவிட நம்மைச் சுற்றியிருக்கிற உலகம்தான் அந்தப் பொய்க்குக் காரணம் என்று எனக்குப் படுகிறது.

அதற்குப் பிறகு மெஹர் வாரா வாரம் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். "ஹைமா எப்படி இருக்கா?" என்பாள். "நன்றாக இருக்கிறாள்" என்று தொடங்கி நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பாள். பள்ளியில் படித்த காலத்தில் அவள் என் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை.

எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. ஊரில் யாருக்கு டிரங்க் கால் வேண்டுமென்றாலும் எங்கள் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டும். மெஹரின் முதல் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் போய்விட்டது. நாற்பதாம் நாள் கழிந்ததும் அவள் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தாள். தலையில் துப்பட்டாவை இழுத்துப் போட்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"துர்கா, ஒரே ஒரு தடவை. யார் எடுத்தாலும் நான் பேசிக்கறேன். அந்த மாமியார் திட்டினா திட்டட்டும். எனக்கு அவகிட்டப் பேசணும்டி."

உட்கார் என்றேன். பிலாய்க்கு லைன் போட்டேன். அன்றைக்கு லைன் சட்டென்று கிடைத்தது. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் போய் ஹைமாவைக் கூட்டி வந்தார். அவள் மூச்சிரைக்க ஓடி வந்து எடுத்தாள்.

"என்னடி துர்கா, எதாவது கெட்ட சேதியா? மெஹருக்கு ஒண்ணும் இல்லியே? நாலு நாளா அவ கனவுலயே வர்றா."

கண்ணாடிக்கு வெளியே மெஹர் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா. சும்மாதான் கூப்பிட்டேன்" என்றேன்.

"குழந்தை பொறந்துடுச்சா?"

"பொண்ணு" என்றேன்.

ஹைமா அந்தப் பக்கம் சிரித்தாள், பிறகு சந்தோஷத்தில் அழுதாள். நான் லைனை எடுத்துவிட்டு வெளியே வந்து, மாமியார்தான் எடுத்தார், கூப்பிட மாட்டேன் என்றுவிட்டார் என்று மெஹரிடம் சொன்னேன். மெஹர் என் மடியில் தலை வைத்து அழுதாள். அதுவரை யாரும் என் மடியில் தலை வைத்து அழுததில்லை. அன்றைக்கு அவளை நான் எவ்வளவு ஆதரவாகப் பார்த்துக்கொண்டேன் என்பதை அவளே உங்களுக்குச் சொல்வாள்.

இறந்துபோன அந்தக் குழந்தையை நான் ஹைமாவுக்காக பிலாயில் வளர்க்க வேண்டியதாயிற்று. பள்ளிக்குப் போனாள், பரதம் கற்றுக்கொண்டாள், கல்யாணமாகி குண்டூர் போனாள் என்று ஹைமாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவளுக்கென்று ஹைமா பட்டுப் பாவாடைத் துணி அனுப்பியிருக்கிறாள். என் பீரோவில் இருக்கிறது. வேறு யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

காலம் போனது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். பொய்யைக் காப்பாற்றுவது கஷ்டம் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. ஹைமாவின் பெற்றோர் மகனோடு ஹைதராபாத் போய்விட்டார்கள். அவள் இந்த ஊருக்கு வந்ததே இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் மெஹர் வெளியூர் போயிருக்கிறாள் என்றேன். வாட்ஸ்அப் வந்தபோது எங்கள் செட்டுக்கு குரூப் ஆரம்பித்தவள் நான்தான். ஹைமா எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். அவளுக்கு இதெல்லாம் வேண்டாமாம், ஆன்மிகத்தில் இறங்கிவிட்டாள் என்றேன். ஹைமாவிடம் யாரும் யாரோடும் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் மாறிவிட்டார்கள் என்றேன். அவளுக்குச் சர்க்கரை வியாதியில் பார்வை குறைந்துகொண்டே வந்தது. பட்டன் ஃபோனில் என் எண்ணை மட்டும் அழுத்தத் தெரியும். ஒன்றை அழுத்திப் பிடித்தால் நான்.

வருடா வருடம் மே மாதம் மெஹர் ஆவக்காய் ஊறுகாய் போடுவாள். ஒரு ஜாடி ஹைமாவுக்கென்று என்னிடம் கொடுப்பாள். "என் பேரைச் சொல்லாதே. வேணாம்னுடப் போறா. நீ போட்டதுன்னு அனுப்பிடு" என்பாள். அப்படியே அனுப்பினேன். அந்த ஒரு விஷயத்தில் நான் சொன்ன சொல்லைத்தான் காப்பாற்றினேன். ஹைமா ஃபோனில், "உன் கைக்கு இவ்வளவு ருசி எப்படிடி வந்துச்சு? அப்படியே மெஹர் அம்மா போட்ட மாதிரி இருக்கு" என்பாள். வருடம் தவறாமல் அதையே சொல்வாள்.

ஹைமாவின் கணவர் இறந்த பிறகு அவள் பிலாயில் தனியாக இருந்தாள். மகன் ஸ்ரீகர் கனடாவில். இந்த மே மாதம் கண் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். இங்கே பக்கத்தில் பீமவரத்தில் செய்துகொள், என் வீட்டில் இரு, சொட்டு மருந்து போட யார் இருக்கிறார்கள் அங்கே என்று நான்தான் கூப்பிட்டேன். அவளை என் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. ஸ்ரீகர் எனக்கு ஃபோனில் நன்றி சொன்னான். "ஆன்ட்டி, நீங்க இல்லன்னா அம்மாவுக்கு யாருமே இல்ல" என்றான். அது உண்மைதான்.

மெஹர் வீடு மூன்று தெரு தள்ளி. அவள் குண்டூரில் மகளோடு இருக்கிறாள் என்று ஹைமாவிடம் சொல்லியிருந்தேன். ஆபரேஷன் முடிந்து அவள் உள் அறையில் கண் கட்டோடு படுத்திருந்தாள். நான் சோறு ஊட்டினேன், தலை வாரினேன். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசியும் நான்தான் போட்டேன். அந்தப் பின்னல் நரைத்து மெலிந்து போயிருந்தது. இப்போது அதை நான் பின்னினேன். என் வாழ்க்கையில் அந்த ஒரு வாரத்தைப் போல இன்னொன்று இல்லை.

அந்த வாரத்தின் கடைசி நாள் மாலை மெஹர் ஜாடியோடு வந்துவிட்டாள். வெயில் தாழட்டும் என்று காத்திருந்து வந்திருக்கிறாள். நான் அவளை வாசற்படியிலேயே நிறுத்தினேன்.

"உள்ள வரலாமாடி, தண்ணி தாகமா இருக்கு" என்றாள்.

"உள்ள பெயிண்ட் அடிக்கறாங்க" என்றேன்.

"இந்தத் தடவை காரம் கொஞ்சம் தூக்கல். அவளுக்குத்தான் அப்படிப் பிடிக்கும். அவ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"என்னைப் பத்தி ஒரு வார்த்தையாவது கேப்பாளா துர்கா? பொய் சொல்லாம சொல்லு."

"வயசாயிடுச்சு இல்லியா, பழசெல்லாம் அவளுக்கு ஞாபகமில்ல."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நான் ஜாடியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். ஹைமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"வந்தது மெஹர்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

நான் ஜாடியை மேசையில் வைத்தேன்.

"அந்தக் குரலை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அந்த ஜாடியைக் கொண்டா." வாங்கித் துணியை அவிழ்த்து முகர்ந்தாள். "இத்தனை வருஷமா இதெல்லாம் அவ போட்டதா?" வெகுநேரம் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். ஏன் செய்தாய் என்று அவள் கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவள் கேட்கவில்லை. அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பதினாறு வயதில் மெஹர் வகுப்புக்குள் நுழையும்போது மலருமே, அப்படி.

"காலைல என்னை அங்க கூட்டிட்டுப் போ. கண்கட்டு இருந்தா இருக்கட்டும். அவ இப்ப குண்டாயிட்டாளா? இன்னும் அந்தச் சிரிப்பு இருக்கா? துர்கா, எந்தப் புடவைடி கட்டிக்கட்டும்? அவளுக்குப் பச்சைன்னா பிடிக்கும்."

என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. கோபமாகக்கூட இல்லை. நான் பச்சைப் புடவையை எடுத்து வைத்தேன்.

விளக்கேற்றும் நேரத்தில் ஊசி போட்டேன். அவள் மெஹரைப் பற்றிப் பேசிக்கொண்டே கையை நீட்டினாள். எவ்வளவு ஏற்றியிருக்கிறேன் என்று அவளால் பார்க்க முடியாது. நிறைய ஏற்றினேன். கொஞ்சம் படு, தோசை வார்த்துக் கொண்டுவருகிறேன் என்றேன். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

சிறிது நேரத்தில் அவளுக்கு வியர்த்தது. விசிறினேன். கை நடுங்கியது. பிடித்துக்கொண்டேன். "துர்கா, தலை சுத்துது. வாயில கொஞ்சம் வெல்லம் போடு" என்றாள். சமையலறையில் வெல்லம் இருந்தது. கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை கேட்டாள். பிறகு என்னை மெஹர் என்று கூப்பிட்டாள். நானும் "என்னடி" என்றேன். அவள் என் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் என் பக்கம் திரும்பியது அப்போதுதான்.

இந்த வயதில் சர்க்கரை இப்படி இறங்கிவிடுவது உண்டு என்றார் டாக்டர். ஸ்ரீகர் வந்தான். கோதாவரிக் கரையில் காரியம் நடந்தது. குரூப்பில் நான் செய்தி போட்டதும் எங்கெங்கிருந்தோ வந்துவிட்டார்கள். இத்தனை வருடத்தில் எங்கள் செட் முழுக்க ஒன்றுகூடியது அன்றைக்குத்தான். எல்லோருக்கும் சாப்பாடு நான் ஏற்பாடு செய்தேன். பச்சைப் புடவையைத்தான் அவளுக்குப் போர்த்தினோம்.

மெஹர் உள்ளே வராமல் வாசலோரமாக நின்றாள். வரலாமோ கூடாதோ என்று அவளுக்குச் சந்தேகம். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

"நம்ம ஊர்லயே இருந்திருக்கா. மூணு தெருடி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியே அவளுக்கு. நான் என்னடி பண்ணினேன் அவளை?" என்று கேட்டாள். பிறகு, "போகட்டும். கடைசியில நீயாவது பக்கத்துல இருந்தியே" என்று சொல்லி என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உங்களுக்குச் சந்தேகம் வந்து என்னைக் கூப்பிடவில்லை. ஸ்ரீகருக்கும் சந்தேகமில்லை. நானாகத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். ஏன் என்று கேட்டீர்கள்.

பத்தாம் நாள் முடிந்து எல்லோரும் போனார்கள். அதற்குப் பிறகு மெஹர் வரவில்லை. ஃபோனும் இல்லை. நான் போனேன், வாசலில் நின்றே பேசி அனுப்பிவிட்டாள். கோபமெல்லாம் இல்லை. அவளுக்கு என்னிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். குரூப்பிலும் காலை வணக்கப் படங்கள் மட்டும் வருகின்றன.

மனசாட்சி உறுத்தியதால் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உண்மை. மெஹருக்கு உண்மை தெரிய வேண்டும், ஹைமா அவளை ஒரு நாளும் மறக்கவில்லை என்று தெரிய வேண்டும். இவ்வளவு துக்கத்தோடு அவளை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட வேண்டாம். கொஞ்சம் மட்டும் சொல்லுங்கள். மீதியைக் கேட்க அவள் என்னிடம் வருவாள். ஜெயிலுக்கானாலும் வருவாள். வாரா வாரம் வருவாள். ஹைமா அவளைப் பற்றி என்னென்ன சொன்னாள் என்று சொல்ல என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?