ஆறு புட்டிகளும் ஒரு முகூர்த்தமும்

என் மகள் சுபாஷ்ரீயின் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். உங்கள் விசாரணை மேஜைமேல் இருக்கும் ஆறு சோதனைப் படிவங்களும் அவள் எழுதியவைதான். என் எழுத்து எனக்கே புரியாது. அவள் பள்ளியில் படித்த நாளிலிருந்தே என் அலுவலகத் தாள்களை நிரப்பித் தருவாள். ஆனால் நான் சொல்லச் சொல்லத்தான் எழுதினாள். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் பத்தொன்பது வருடமாகச் சுகாதார ஆய்வாளராக இருக்கிறேன். போன ஆடியில், முதல் மழைக்குப் பிறகு, எங்கள் ஊரில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. அரிசி கழுவிய தண்ணீர்போலப் போனது. முதல் நோயாளியைப் பார்த்ததுமே காலரா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்தால் போதாது. மலத்தைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுப் புட்டியில் அடைத்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். கிருமி இருக்கிறது என்று அங்கே எழுதிக் கொடுத்தால்தான் அது காலரா. ஊரில் அறுபது பேருக்கு மேல் படுத்திருந்தார்கள். எனக்குக் கொடுத்தவை ஆறே புட்டிகள்.

ஆவணி ஒன்பதாம் தேதி சுபாஷ்ரீக்கு முகூர்த்தம் குறித்திருந்தோம். அதற்கு முன் இரண்டு இடம் கைகூடி வந்து தட்டிப்போனது. இரண்டாவது முறை அவள் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாவதாக வந்தவர் கோகுல்ராஜ். காஞ்சிபுரத்தில் நான்கு தறி வைத்திருக்கும் குடும்பம். அவர் பெயரைச் சொன்னாலே என் பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். தாயில்லாத பெண். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னாலும் மிகையில்லை.

அவருடைய அம்மா கோமளவல்லி போன் செய்தார்.

"இன்னா சம்பந்தி, உங்க ஊர்ல ஒரே பேதியாமே? நாலு பஸ்ஸுல சனத்தக் கூட்டிக்கினு வரப்போறோம். காலரான்னா இப்பவே சொல்லிடுங்க, நிறுத்திக்கலாம்."

"டெஸ்ட்டுக்கு அனுப்பறேன்மா. ரிசல்ட் வந்ததும் நானே கூப்பிடறேன்."

மருந்து கொடுக்கும் முன்பே மாதிரி எடுக்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் அரிச்சுவடி. இரண்டு நாள் டெட்ராசைக்ளின் உள்ளே போய்விட்டால் சோதனையில் கிருமி தென்படாது. கடைத்தெருவிலும் நெசவாளர் தெருவிலும் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு நாள் என் கையாலேயே காப்ஸ்யூல் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் மாதிரி எடுத்தேன். ஆறு பேரும் பிழைத்துவிட்டார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. மாதிரி எடுக்கும் முன் மருந்து கொடுக்கப்பட்டதா?

"இல்லைன்னு எழுதும்மா," என்றேன்.

"முந்தாநேத்து மாத்திரைய நான்தானே நைனா பொட்டலம் கட்டிக் குடுத்தேன்?"

"எல்லாத்துக்கும் இல்லைன்னு எழுதுறது வழக்கம். எழுது."

ஆறு முறை எழுதினாள். ஐந்தாம் நாள் முடிவு வந்தது. காலராக் கிருமி இல்லை. நான் காஞ்சிபுரத்துக்குப் போன் செய்தேன்.

அப்போதுதான் நம் மக்களுக்கு அறிவு பொங்கியது. ஏரிக்கரையில் கால்கழுவி அதே தண்ணீரில் பல் துலக்குகிறவர்கள், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கிருமி ஆராய்ச்சி செய்தார்கள். காய்ச்சாத தண்ணீரைக் குடித்துக்கொண்டே, சோதனை போதாது என்று மனுவில் கைநாட்டு வைத்தார்கள். அந்த மனுவைத் தூக்கிக்கொண்டு முனிரத்தினம் வாத்தியார் என்னிடம் வந்தார்.

"அறுவது பேர் படுத்துக்கினு கீறாங்க. ஆறு பேரப் பாத்துட்டு ஊருக்கே இல்லைன்னா, இது இன்னா சார் நியாயம்?"

"அறுபது பேரையும் பார்த்தா பேதி நின்னுடுமா, வாத்தியாரே?"

"எங்க கீதுன்னு தெரிஞ்சாத்தானே நிக்கும். ஏரிக்கர இருளர் குடிசைல ஒருத்தனயாவது பாத்தியா நீ?"

பார்க்கவில்லை. அவர்கள் யாரும் மாத்திரை சாப்பிட்டிருக்கவில்லை. அங்கே எடுத்தால் உண்மை தெரிந்துவிடும். இதை வாத்தியாரிடம் சொல்ல முடியாது. புட்டி தீர்ந்துவிட்டது என்றேன். அதுவும் பொய்யில்லை.

காலரா இல்லை என்று ஆனதால் குளோரின் போட ஆள் வரவில்லை, தண்ணீர் லாரி வரவில்லை, சலைன் ஏற்ற முகாம் வரவில்லை. குடிசைக்காரர்கள் கரையோரக் கிணற்றிலேயே குடித்தார்கள். செங்கேணி என்பவன் ஒரு நாள் காலை ஓடிவந்தான். அவன் பெண்டாட்டி சின்னபொண்ணுக்கு விடியற்காலையிலிருந்து நிற்கவில்லையாம்.

"கண்ணு உள்ள போயிடுச்சு சார். அந்தப் பெரிய மாத்திர குடுங்க சார்."

"அது காலராவுக்குய்யா. நம்ம ஊர்ல காலரா இல்லைன்னு ரிப்போர்ட்டே வந்துடுச்சே."

உப்புச் சர்க்கரைக் கரைசல் இரண்டு பாக்கெட் கொடுத்தேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். மதியம் முடிந்துவிட்டது என்றார்கள். என் அலமாரியில் நாற்பது காப்ஸ்யூல் இருந்தது உண்மைதான். கொடுத்தால் இருப்புப் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். காலரா இல்லாத ஊரில் என்ன காரணம் எழுதுவது?

குடிசைகளில் ஒன்பது பேர் போனார்கள். உங்கள் தாளில் பதினொன்று என்றிருக்கிறது. அதில் இரண்டு பேர் கிழவர்கள். எப்படியும் அந்த வருடம் தாண்டியிருக்க மாட்டார்கள். அவர்களையும் என் தலையில் கட்டுவது நியாயமில்லை.

திருமணம் குறித்த நாளில் நடந்தது. சமையலுக்கும் குடிப்பதற்கும் காஞ்சிபுரத்திலிருந்து லாரியில் தண்ணீர் வரவழைத்திருந்தேன். நான்கு பஸ் சனத்தில் ஒருவருக்கும் வயிற்றுவலிகூட இல்லை. ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது? லாரியில் அடித்துப்பிடித்துக் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மண்டப ஜன்னலிலிருந்து சுபாஷ்ரீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் பூ வைத்துப் பின்னி முடித்திருந்தார்கள்.

"நம்ம டேங்க் தண்ணிக்கு இன்னா ஆச்சு நைனா?"

"கல்யாணப் பொண்ணுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

அவள் ஜன்னலைச் சாத்தினாள். மணமேடையில் எல்லாப் பெண்களையும்போல அழுதாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். காலரா என்று தெரிந்தும், தெரியாதபடி நான்தான் செய்தேன். மருந்து இருந்தும் நான்தான் கொடுக்கவில்லை. என் பெண் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று செய்தேன்; அவள் சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். இந்தப் பத்து மாதத்தில் மூன்று முறை வீட்டுக்கு வந்தாள். வாசல் அறையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட வாங்குவதில்லை. காஞ்சிபுரத்துத் தண்ணீருக்குப் பழகிவிட்டாள் போலிருக்கிறது.