மீன்தொட்டிக் கணக்கு

கீரன்: போதும்மா, போதும்... வினிகர்ல சிப்ஸ் நீச்சலடிக்குது!

ட்ரேசி: பேச்ச மாத்தாதே. காருக்குள்ள ஏறி பத்து நிமிஷமாச்சு, பரீட்சையப் பத்தி வாயத் திறந்தியா?

கீரன்: வாய் நிறைய மீன் இருக்கே.

ட்ரேசி: கொழுப்பு! மூணாவது தடவை எழுதறேடா. இந்த நவம்பர்லயும் கணக்குல கோட்டை விட்டா, எலக்ட்ரீஷியன் வேலைக்குச் சேத்துக்க மாட்டேன்னு அந்தக் காண்ட்ராக்டர் பாரி கறாரா சொல்லிட்டான்.

கீரன்: பரவாயில்லாமதான் எழுதினேன்.

ட்ரேசி: போன தடவையும் இதையேதான் சொன்னே.

கீரன்: அது பொய். இது... நிஜம்.

ட்ரேசி: அடப்பாவி! சரி, அந்தக் கடைசிக் கணக்கு? தொட்டில பாதிக்கு மேல தண்ணி நிரம்ப...

கீரன்: பதினெட்டு நிமிஷம்.

ட்ரேசி: பதினெட்டா? எனக்கும்... அப்பாடா! அப்ப சரியாத்தான் இருக்கும். பாவம், அந்த மீனுங்க...

கீரன்: அம்மா.

ட்ரேசி: என்ன?

கீரன்: மீன்தொட்டின்னு உனக்கு யார் சொன்னா?

ட்ரேசி: யாராவது... ரேடியோல...

கீரன்: மதியம் முடிஞ்ச பரீட்சை, அதுக்குள்ள ரேடியோல வந்துடுச்சா?

ட்ரேசி: நீ சாப்பிடு. ஆறிடும்.

கீரன்: "எனக்கும்"னு வேற சொன்னே.

ட்ரேசி: ...சரிடா. நானும் எழுதினேன். போதுமா? இன்னியோட மூணு தாளும். உங்க காலேஜ்லயேதான், தனியா எழுதற வெளியாளுங்களோட, விளையாட்டுக்கூடத்துல.

கீரன்: வேலைக்குப் போறேன்னு சொன்னதெல்லாம்?

ட்ரேசி: லீவு. எத்தனை வருஷம் ஆஸ்பத்திரில படுக்கை விரிச்சுக்கிட்டே இருக்கறது? நர்ஸ் படிப்புக்கு இந்தக் கணக்கு பாஸாகணும். உன் வயசுல நான் கோட்டை விட்ட அதே கணக்கு.

கீரன்: எங்கிட்ட சொன்னா என்ன?

ட்ரேசி: ஃபெயிலானா? மகனத் திட்டிட்டுத் தானும் கோட்டை விட்டாளேன்னு ஊரே சிரிக்கும். அதவிட... நீ வேற கட்டடத்துல எழுதறே, உனக்குத் தெரியவே வேணாம்னு நினைச்சேன். சிரிக்கறியா? சிரி, சிரி.

கீரன்: சிரிக்கலம்மா. எங்க கட்டடத்துல கூரை ஒழுகுது.

ட்ரேசி: அதுக்கும் இதுக்கும் என்னடா?

கீரன்: அதனால இன்னிக்கு எங்களையும் உங்க கூடத்துக்கே ஓட்டிட்டு வந்துட்டாங்க. நீ முன்வரிசை. திரும்பிப் பாக்கக்கூடாதே, உனக்குத் தெரியல. நான் கடைசி வரிசை. பாதிக் கணக்குல மண்டை நின்னுடுச்சு, போதும்டா சாமி, முடியறதுக்கு முன்னாடியே எழுந்து போயிடலாம்னு பேனாவ மூடி வச்சிட்டேன். அப்பதான் நீ கூடுதல் தாள் கேட்டு கையத் தூக்கினே... எங்கம்மா இன்னும் எழுதிக்கிட்டு இருக்கா, நான் எப்படிம்மா எழுந்து போறது?